26 இடங்கள்: பணம் புகுந்த பிறகு அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கிக்கு ஆள் எடுக்கும் கதை

2025 ஜூலை 8. ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியில் 17 வயதுப் பையன் ஒருவர், தான் எந்தக் கல்லூரியில் சேரப்போகிறேன் என்பதை நேரலையில் அறிவித்தார். பெயர் கேவின் மெக்கென்னா. கனடாவின் வடமேற்குக் கோடியில், யூகான் பகுதியில் இருக்கும் வைட்ஹார்ஸ்தான் சொந்த ஊர். அதற்கு முந்தைய பருவத்தில் மெடிசின் ஹாட் டைகர்ஸ் என்ற ஜூனியர் அணிக்கு ஆடி, 56 ஆட்டங்களில் 41 கோல், 88 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்கு வழிசெய்த பாஸ்) என்று 129 புள்ளிகள் எடுத்தவர். மிச்சிகன் ஸ்டேட், பென் ஸ்டேட் என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் கடைசிவரை அவருக்காக மல்லுக்கட்டின. அவர் சொன்ன பெயர் பென் ஸ்டேட். கூடவே ஒரு தொகையும் செய்திகளில் அடிபட்டது: ஆண்டுக்குச் சுமார் 7 லட்சம் டாலர். நம் பணத்தில் 6 கோடி ரூபாயைத் தொடும்.

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் வளைந்த மட்டையும்தான் கண்முன் வரும். இது வேறு ஆட்டம். பனித்தரையில் சறுக்குக் காலணியோடு ஆடுவது, பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டு. கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் குளிர்காலம் முழுக்க ஊரையே கட்டிப்போடும் ஆட்டம்.

மெக்கென்னா செய்தி வந்த அன்று பலரும் பேசியது அந்த 7 லட்சத்தைத்தான். பேசவேண்டிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாற்றத்தைக் கொஞ்ச காலமாகப் பின்தொடர்ந்து பார்த்ததில், என்னை அதிகம் உறுத்துகிற எண் வேறு: 26. 2025-ல் வந்த ஒரு வழக்குச் சமரசத்தை ஏற்ற கல்லூரியின் அணியில் இப்போது அதிகபட்சம் அத்தனை பேர்தான் இருக்கலாம். பணம் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியைவிட, அந்த 26-ல் யாருக்கு இடம் என்ற கேள்விதான் நூற்றுக்கணக்கான பையன்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டிருக்கிறது.

இரண்டு கதவுகள், ஒரே கோடையில்

இந்த நிலைக்கு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. வீரர்கள் மாணவர்கள், அவர்களுக்குப் படிப்புச் செலவு தரலாம், காசு தரக்கூடாது என்பது அதன் பல பத்தாண்டு விதி. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு படிப்பு சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான். ஆனாலும் அதோடு பழைய விதியின் பிடி தளர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயர், முகம், புகழ் ஆகியவற்றை வைத்து விளம்பரம், ஒப்பந்தம் மூலம் சம்பாதிக்கலாம் என்றானது. இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள்.

அடுத்தது 2025 ஜூன் 6. சம்பாதிக்க விடாமல் தடுத்ததற்காக வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். நான் சொன்ன 26 பேர் வரம்பு வந்தது இதில்தான். பழைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் நிலுவை. அப்புறம், ஜூலை 1 முதல் பல்கலைக்கழகமே தன் வருமானத்திலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். அது அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து.

அமெரிக்க விளையாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. ஹாக்கிக்கு மட்டும் அதே கோடையில் இன்னொரு கதவும் திறந்தது. கல்லூரி ஹாக்கியைப் பொறுத்தவரை அதுதான் பெரிய கதவு.

கனடாவில் சி.எச்.எல். என்றொரு ஜூனியர் அமைப்பு உண்டு. மூன்று லீக்குகள், சுமார் 60 அணிகள், 16 முதல் 20 வயதுவரை உள்ள வீரர்கள். பையன்கள் வீட்டை விட்டு வந்து, அணி இருக்கும் ஊரில் ஏதாவது ஒரு குடும்பத்தோடு தங்கிப் பள்ளிக்குப் போய்க்கொண்டே ஒரு பருவத்துக்கு 64 முதல் 68 ஆட்டம் ஆடுவார்கள். கைச்செலவுக்கு மாதம் 600 டாலருக்கு மேல் போகாத ஒரு தொகை. அவ்வளவுதான். ஆனால் அங்கே ஆடுகிறவர்களில் சிலர், வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். அணிகளோடு ஒப்பந்தம் போட்டவர்கள் என்பதால், என்.சி.ஏ.ஏ. அந்த லீக் முழுவதையுமே தொழில்முறை என்று முத்திரை குத்தி வைத்திருந்தது. அங்கே காலடி வைத்தவருக்கு அமெரிக்கக் கல்லூரிக் கதவு சாத்தப்படும்.

இதன் பொருளை ஒரு வீட்டுக்குள் நின்று யோசித்துப் பாருங்கள். பையனுக்கு வயது 15. ஜூனியர் அணி ஒன்று அவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. சரி என்றால் கல்லூரி ஹாக்கி இனி இல்லை. மாட்டேன் என்றால், கல்லூரி சேரும்வரை அமெரிக்காவின் யு.எஸ்.எச்.எல். போன்ற வேறொரு லீக்கில் காத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு படிக்கும் வயதில் திரும்ப முடியாத முடிவு. 2024 ஆகஸ்டில் ஒன்டாரியோ மாகாணத்து வீரர் ஒருவர் சார்பில் அமெரிக்காவின் பஃபலோவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 16 வயதில் விண்ட்சர் ஸ்பிட்ஃபயர்ஸ் அணிக்காக இரண்டே இரண்டு பயிற்சி ஆட்டங்கள் ஆடியதற்காகக் கல்லூரி வாய்ப்பை இழந்தவர் அவர். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று என்.சி.ஏ.ஏ. விதியை மாற்றியது. 2025 ஆகஸ்ட் 1 முதல், தேவையான செலவுகளுக்கு மேல் பணம் வாங்காத சி.எச்.எல். வீரர்கள் கல்லூரியில் ஆடலாம். என்.எச்.எல். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டும் இன்னும் அனுமதி இல்லை.

பணம் தரலாம் என்றது ஜூலையில். கனடாவின் மொத்த வீரர் கூட்டமும் உள்ளே வரலாம் என்றது ஆகஸ்டில். ஒரு மாத இடைவெளியில் சந்தையின் இரண்டு பக்கமும் மாறிவிட்டன.

ஹாக்கியில் உண்மையில் எவ்வளவு பணம்?

7 லட்சம் டாலர் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு எல்லா ஹாக்கிப் பையன்களும் இப்படி வாரிக்கொள்கிறார்கள் என்று நினைத்தால் தப்பு. அந்த 2 கோடியே 5 லட்சத்தில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. நிலுவைத் தொகையைப் பிரிக்கப் போட்ட கணக்கை எடுத்துக்கொண்டால், கால்பந்துக்கு 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மிச்சமுள்ள எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 5. பல பல்கலைக்கழகங்கள் வருமானத்தையும் ஏறத்தாழ இதே விகிதத்தில்தான் பிரிக்கின்றன. நீச்சல், மல்யுத்தம், கைப்பந்தோடு ஹாக்கியும் அந்தக் கடைசி 5-ல் முட்டிமோத வேண்டும்.

அப்படியானால் பென் ஸ்டேட் எப்படி? அங்கே ஹாக்கியின் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார். எரிவாயுத் தொழிலில் சம்பாதித்த டெர்ரி பெகுலா, பஃபலோ சேபர்ஸ் என்ற என்.எச்.எல். அணியின் உரிமையாளர், அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர். 2010-ல் அவர் 8 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தார், பிறகு அதை 10 கோடியே 20 லட்சமாக உயர்த்தினார். அதுவரை மாணவர் கிளப்பாக ஆடிக்கொண்டிருந்த அணி 2012-ல் முதல் பிரிவுக்கு ஏறியது. அவர் பெயரிலேயே அரங்கம். 2025-ல் முதல்முறையாகத் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தார்கள். மெக்கென்னா வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. ஆக, கல்லூரி ஹாக்கியில் பெரிய பணம் என்பது விளையாட்டு ஈட்டிய வருமானமாக இருப்பதைவிட, அதன் மேல் பாசம் வைத்த ஒரு கொடையாளியின் பணமாகவே இருக்கிறது. கொடையாளி இருக்கும் ஊரில் மழை, இல்லாத ஊரில் வறட்சி.

கால்பந்தே இல்லாத பல்கலைக்கழகங்களின் நிலை சுவாரசியமானது. 2024 வரை 10 தேசிய ஹாக்கிப் பட்டங்கள் வென்ற டென்வர் பல்கலைக்கழகம் 1961-லேயே கால்பந்தைக் கைவிட்டது. பாஸ்டன் பல்கலைக்கழகம் 1997-ல் விட்டது. அங்கெல்லாம் பானை சின்னது, ஆனால் முதல் கரண்டி ஹாக்கிக்கு. மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் போன்ற இடங்களில் பானை பெரியது, ஹாக்கிக்கு வரும்போது அடிப்பிடித்ததுதான் மிச்சம். எந்தப் பக்கம் நீண்ட காலத்துக்கு ஜெயிக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன். ஐவி லீக்கில் ஹாக்கி ஆடும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், பிரவுன், கார்னெல், டார்ட்மவுத் ஆகிய ஆறும் இந்தச் சமரசத்துக்குள் வரவே இல்லை. அங்கே விளையாட்டு உதவித்தொகைகூடக் கிடையாது.

சரி, உதவித்தொகைக்கு வருவோம். பெரும்பாலான வீரர்களுக்கு மாற்றம் தெரிவது இங்கேதான். முன்பு ஓர் ஆண்கள் ஹாக்கி அணிக்கு 18 முழு உதவித்தொகைதான் அனுமதி. அதைப் பயிற்சியாளர் துண்டுபோட்டுப் பிரிப்பார். ஒருவனுக்கு முழுசு, ஒருவனுக்கு முக்கால், இன்னொருவனுக்குக் கால். 18 பேருக்கு வடித்த சோற்றை 26 இலையில் பரிமாறுகிற வேலை. சமரசத்தை ஏற்ற பல்கலைக்கழகங்களுக்கு இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. விரும்பினால் 26 பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம். புதிதாகச் சேர்க்கும் உதவித்தொகையும், 25 லட்சம் டாலர்வரை, அந்த உச்சவரம்புக் கணக்கில் விழும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாஸ்டன் போன்ற நகரத்துத் தனியார் பல்கலைக்கழகத்தில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 90 ஆயிரம் டாலர். 18-லிருந்து 26-க்குப் போக எட்டு உதவித்தொகை கூடுதல். அதாவது 7 லட்சத்து 20 ஆயிரம் டாலர். மெக்கென்னாவுக்குக் கிடைப்பதாகச் சொல்லப்பட்ட தொகையும் எட்டுப் பேரின் முழுப் படிப்புச் செலவும் கிட்டத்தட்ட ஒன்று! ஒரு நட்சத்திரமா, எட்டுக் குடும்பங்களின் கடன் குறைவதா என்று ஒரு விளையாட்டுத் துறை இயக்குநர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. என் மனசு எட்டுப் பேர் பக்கம்தான். ஆனால் அரங்கம் நிரம்புவது ஒருவரால் என்பதும் எனக்குத் தெரியும்.

காத்திருந்தவனின் இடம்

இனி அந்த 26-க்கு வருகிறேன். ஆட்ட இரவில் வழக்கமாகக் களமிறங்குவது நான்கு வரிசை முன்கள வீரர்கள், 12 பேர். மூன்று ஜோடித் தடுப்பாளர்கள், 6 பேர். கோல்காப்பாளர் மூவர் வேண்டும். காயத்துக்கும் காய்ச்சலுக்கும் மாற்று ஆட்கள் நான்கைந்து பேர். முடிந்தது 26. படிப்பு நான்கு வருடம் என்பதால் சராசரியாக ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு இடம் காலியாகும்.

முன்பு அந்த ஆறேழு இடங்கள் யாருக்குப் போயின? பெரும்பாலும் காத்திருந்த பையன்களுக்கு. கல்லூரி ஹாக்கியின் தனிக்குணமே அதுதான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் ஒருவன் பள்ளி அணிக்கு ஆடிவிட்டு, 18 வயதில் இன்னும் உடம்பு வராமல், யு.எஸ்.எச்.எல்.லில் இரண்டு வருடம் ஆடி, 20 வயதில் முதலாண்டு மாணவனாகச் சேர்வான். 24 வயதில் பட்டம் வாங்குவான். மெதுவாகப் பழுக்கும் மரங்களுக்கும் இந்தத் தோட்டத்தில் இடம் இருந்தது.

அப்படிப்பட்டவர்கள் சும்மா இடத்தை நிரப்பியவர்கள் என்று நினைக்க வேண்டாம். 2023 தேசிய இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் மினசோட்டா பல்கலைக்கழகம், இளம் வீரர்களை என்.எச்.எல். அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்ட லோகன் கூலி போன்றவர்கள் நிறைந்த அணி. மறுபக்கம் கனெக்டிகட் மாநிலத்தின் குவினிபியாக், பெரும்பாலும் எந்த என்.எச்.எல். அணியும் தேர்ந்தெடுக்காத, வயதில் மூத்த, ஒன்றாக ஆடிப் பழகிய பையன்கள். ஆட்டம் 2-2 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. கூடுதல் நேரம் தொடங்கிப் பத்தாவது நொடியில் ஜேக்கப் குவிலன் கோல் போட்டார். குவினிபியாக்குக்கு முதல் பட்டம். பல கல்லூரிப் பயிற்சியாளர்கள் நம்பும் பாடம் அதில் இருக்கிறது: 19 வயதுத் திறமைக்கு எதிராக 23 வயது உடம்பும் பொறுமையும் ஜெயிக்கலாம்.

மெக்கென்னா கல்லூரிக்கு வர விரும்பியதற்குச் சொன்ன காரணமும் இதையே தொடுகிறது. தன்னைவிட மூத்த, கனத்த வீரர்களோடு மோதிப் பழக வேண்டும் என்றார். ஜூனியரில் அவருக்கு எதிரே நின்றவர்கள் 16 முதல் 20 வயதுப் பையன்கள். கல்லூரியில் 23, 24 வயது ஆண்கள். ஆட்டங்களும் வாரக்கடைசியில் மட்டும், பருவத்துக்கு 35 அல்லது கொஞ்சம் கூட. வாரநாட்கள் உடற்பயிற்சிக்கு. பணம் இல்லாவிட்டாலும் இந்த ஏற்பாடு வளரும் உடம்புக்கு நல்லது. இவர்களைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் என்.எச்.எல். அணிகளுக்கும் அதனால்தான் இந்த வழியில் வருத்தம் இல்லை.

இப்போது அந்த ஆறேழு இடங்களுக்கு மூன்று பக்கமிருந்தும் ஆள் வருகிறது. ஒன்று, சி.எச்.எல்.லில் மூன்று, நான்கு வருடம் ஆடித் தேறிய 19, 20 வயதுக் கனடியர்கள். வந்த நாளிலேயே ஆடத் தயாரானவர்கள். இரண்டு, வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்கள். 2024 ஏப்ரல் முதல், எத்தனை முறை மாறினாலும் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை. படிப்பில் தகுதி இருந்தால் போதும். பருவம் முடிந்த கையோடு போர்ட்டல் எனப்படும் மாற்றப் பட்டியலில் பெயர் போட்டுவிடலாம். மூன்றாவதுதான் பழைய வழியில் வரும் பையன். ஒரு பயிற்சியாளரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அவர் எடுக்கும் முடிவு புரியும். போன வருடம் வேறொரு கல்லூரியில் 15 கோல் போட்ட 22 வயதுக்காரன் கிடைக்கும்போது, 18 வயதுப் பையனின் மேல் நம்பிக்கை வைத்து இரண்டு வருடம் காத்திருக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

அதனால் சொல்லுக்கு இருந்த மதிப்பும் மாறிவிட்டது. 2019-ல் வந்த விதிப்படி, பத்தாம் வகுப்பு மாணவனோடு பயிற்சியாளர் பேசத் தொடங்கலாம், அதுவும் ஜனவரி 1 முதல்தான். பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1-க்குப் பிறகுதான் இடம் தருவதாகச் சொல்லலாம். முன்பு அப்படிச் சொல்லப்பட்ட வாய்மொழி உறுதி, எழுத்தில் இல்லாவிட்டாலும், பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது. ஹாக்கி உலகம் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இப்போது 16 வயதில் கிடைக்கும் உறுதிக்கும் 20 வயதில் வளாகத்துக்குள் காலடி வைப்பதற்கும் இடையே நான்கு போர்ட்டல் பருவங்கள், நான்கு கனடியக் கூட்டங்கள் கடந்துபோகும். உறுதி சொன்ன பயிற்சியாளர் நல்லவராகவே இருந்தாலும் அவர் கையில் இருப்பது 26 இடம்தான்.

பெற்றோருக்குத் துணையாக ஹாக்கியில் நெடுங்காலமாகவே குடும்ப ஆலோசகர் என்று ஒருவர் உண்டு. ஏஜென்ட் வைத்துக்கொண்டால் தகுதி போய்விடும் என்பதால் வந்த பெயர் அது. எந்த லீக், எந்தக் கல்லூரி, எப்போது என்று வழிகாட்டுவார். பையன் பெரிய ஆளானால் ஏஜென்டாகத் தொடர்வார். இப்போது விளம்பர ஒப்பந்தங்களுக்கு ஏஜென்ட் வைத்துக்கொள்ள வெளிப்படையாகவே அனுமதி உண்டு. முன்பு பேச்சு படிப்பு, பயிற்சியாளர், ஆடும் நேரம் என்று போகும். இப்போது முதலாண்டு எவ்வளவு, இரண்டாமாண்டு எவ்வளவு என்பதும் மேசைக்கு வந்துவிட்டது. மறைத்துச் செய்ததைவிட வெளிப்படையாகச் செய்வது நல்லது என்றே நினைக்கிறேன்.

விசா என்ற முள்

கனடியர்களைப் பற்றிப் பேசும்போது விசாவைத் தாண்டிப் போக முடியாது. அவர்கள் வருவது எஃப்-1 மாணவர் விசாவில். அந்த விசாவின் கெடுபிடி பற்றி நம் வீடுகளில் விளக்கத் தேவையில்லை. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை, வெளியே அனுமதி இல்லாமல் வேலை செய்தால் விசாவுக்கே ஆபத்து. கடை திறப்புக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குவது வேலைதானே? விளம்பரத்தில் நடிப்பது? பல்கலைக்கழகமே தரும் பங்குப் பணம் சம்பளமா, உரிமத் தொகையா? வழக்கறிஞர்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. 2022-ல் கென்டக்கி கூடைப்பந்து அணி பஹாமாஸ் போனபோது, காங்கோ நாட்டவரான ஆஸ்கர் ஷீப்வே தன் விளம்பர வேலைகளை அமெரிக்க மண்ணுக்கு வெளியே அங்கே வைத்து முடித்தார். கனடியர்களுக்கு அந்த வழி இன்னும் சுலபம், கோடை விடுமுறையில் வீட்டுக்குப் போனால் போதும். ஆனால் உடைமாற்றும் அறையில் பக்கத்து அலமாரிக்காரனான அமெரிக்கப் பையன் உள்ளூர்க் கார் கடை விளம்பரத்தில் சாதாரணமாக நிற்கும்போது, இவன் வக்கீலைக் கேட்டுவிட்டுத்தான் ஒரு புகைப்படத்துக்கே நிற்கவேண்டும் என்பது நியாயமாகப் படவில்லை.

மெக்கென்னாவைப் போலவே மிச்சிகன் ஸ்டேட்டுக்கு போர்ட்டர் மார்ட்டோன், கேடன் லிண்ட்ஸ்ட்ரம், நார்த் டகோட்டாவுக்குக் கீட்டன் வெர்ஹாஃப் என்று ஜூனியர் நட்சத்திரங்கள் வந்தார்கள். அவர்களுக்காக நடந்த போட்டிக்குக் கேமரா இருந்தது. மறுபக்கம், மிச்சிகன் டெக், லேக் சுப்பீரியர் ஸ்டேட் மாதிரியான சின்ன ஊர்ப் பல்கலைக்கழகங்களுக்குத் தொலைக்காட்சிப் பணமும் இல்லை, பெகுலாவும் இல்லை. அவர்கள் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு: ஆடும் நேரம். பெரிய அணியில் நான்காம் வரிசையில் உட்காருவதைவிட இங்கே முதல் வரிசையில் ஆடு என்று சொல்லி வளர்ப்பார்கள். வளர்ந்ததும் அவன் போர்ட்டலில் பெயர் போடுவான், பெரிய அணி அழைத்துக்கொள்ளும். பயிற்சி கொடுத்ததற்கு வளர்த்த அணிக்கு எதுவும் கிடையாது. நாம் அறிந்த கால்பந்து (சாக்கர்) உலகில் இளம் வீரரை வளர்த்த கிளப்புக்கு ஒரு பங்கு போகும். இங்கும் அப்படி ஏதாவது இருந்தால் இந்த ஊர்களில் ஹாக்கி பிழைக்கும்.

விதிகள் இன்னும் நிலைகொள்ளவில்லை. 2026 செப்டம்பரில் தொடங்கும் என்.எச்.எல். தொழிலாளர் ஒப்பந்தத்தில், ஜூனியரிலிருந்து வரும் 19 வயது வீரர் ஒருவரை ஒவ்வோர் அணியும் தன் இரண்டாம் நிலை லீக்கான ஏ.எச்.எல்.லில் ஆடவைக்கலாம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். இதுவரை அந்த வயதில் ஜூனியருக்கே திரும்ப வேண்டியிருந்தது. கல்லூரியை நோக்கி வந்த சிலர் இனி அந்தப் பக்கம் சம்பளத்தோடு போகக்கூடும். போனால், 26-ல் ஓர் இடம் காலியாகும். மினசோட்டாவில் 19 வயதில் காத்திருக்கும் பையனின் அப்பா இப்போது பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி உதவித்தொகை எத்தனை சதவீதம் என்பது மட்டும் இல்லை. அடுத்த செப்டம்பரில் முன்கள வரிசையில் யார் யார் திரும்ப வருகிறார்கள், போர்ட்டலிலிருந்து எத்தனை பேரை எடுக்கப்போகிறீர்கள், கனடாவில் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள், இதையெல்லாம் கழித்தபிறகு என் பையனுக்கு மிஞ்சுவது எத்தனையாவது இடம் என்று பெயர் பெயராகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.